மறைத்துக்கொண்டு போகாதீர்கள்: லேசர் முடி நீக்கத்துக்குப் பாதுகாப்பான இடத்தைத் தெரிந்துகொள்வது எப்படி?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,

இம்முறை நான் எழுதும் பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். "மிஷன் ஆஸ்பத்திரி மடலில் அழகு நிலையச் செய்தியா?" என்று கேட்கலாம். முழுவதும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் புறநோயாளர் பிரிவின் கடைசி பெஞ்சில் ஒரு வாலிபப் பெண் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஒரு கடையில் பில் போடும் வேலை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துத் துப்பட்டாவை விலக்கினாள். கன்னத்திலும் தாடையிலும் கட்டம் கட்டமாகத் தோல் வெந்து கறுத்திருந்தது. "அம்மாவுக்குத் தெரியாது ஐயா, சொல்லிடாதீங்க" என்பதே அவள் பேசிய முதல் வார்த்தை.

தாடையில் முடி வளர்வதால் வேலையிடத்தில் கேலி. பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது சொல்லிவிட்டுப் போன ஒரு சொல். இந்த வேதனையில், ஒரு விளம்பரத் தாளைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல், சேர்த்து வைத்திருந்த சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். அங்கே மருத்துவர் எவரும் அவளைப் பார்க்கவில்லை. வெந்த பின்பு, "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நம் மருத்துவர்கள் எனக்குப் பொறுமையாக விளக்கியவற்றை உங்களுக்குத் தருகிறேன்.

லேசர் என்ன செய்கிறது?

மத்தியான வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் கறுப்பு நிறம் வெப்பத்தை எப்படி வாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. லேசரும் அப்படியே. முடியில் உள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. ஒளி வெப்பமாகி முடியின் வேரைச் சேதப்படுத்துகிறது. 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் இந்தக் கோட்பாட்டை விளக்கினார்கள். 1990களின் நடுவில் முடி நீக்கும் லேசர் கருவிகள் அங்கே அனுமதி பெற்றன.

ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் நிறைந்திருக்கிறது. வெளுத்த தோலில் முடியை மட்டும் சுடும் கதிர், நம் தோலையும் சேர்த்துச் சுட்டுவிடக்கூடும். தோல் மருத்துவர்கள் மனிதத் தோலை 6 வகையாகப் பிரிக்கிறார்கள். நம் மக்களில் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையான வகையினர். காசிமேட்டில் வெயிலில் மீன் விற்கும் சகோதரிக்கும், எண்ணூருக்கு இருசக்கர வண்டியில் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கும் தோல் இன்னும் கறுத்திருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசரே மிகவும் பாதுகாப்பானது. மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. 810 நானோமீட்டர் அளவில் உள்ள டயோடு லேசரையும் அனுபவமுள்ளவர்கள் கவனத்தோடு பயன்படுத்துகிறார்கள். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கே ஏற்றது. ஐ.பி.எல். என்று சொல்லப்படுவது லேசரே அல்ல; பல அலைநீளங்கள் கலந்த ஒளி. கருந்தோலில் அதனால் தீப்புண் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

முதலில் மருத்துவர், பிறகே இயந்திரம்

முகத்தில் தடித்த முடி வளர்வது பல பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறின் அறிகுறி. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகப்பரு, உடல் எடை கூடுவது ஆகியவை கூட இருக்கலாம். இதற்கு வைத்தியம் செய்யாமல் லேசர் மட்டும் செய்தால் முடி திரும்பத் திரும்ப வளரும். திடீரென்று முடி வேகமாக வளர்ந்து குரலும் தடித்தால் தாமதிக்கவே கூடாது. அரிதாகச் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். நம் மகளிடம் மாதவிலக்கைப் பற்றி அந்த இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கே பரிசோதித்தபோது அவளுக்கு நீர்க்கட்டிக் கோளாறு இருப்பது தெரிந்தது.

பெயர்ப்பலகையை நம்பலாமா?

2016இல் சென்னையில் நடந்த ஒரு துயரம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் தலையில் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். சிகிச்சை நடந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமமே இருந்தது என்று அப்போது செய்தி வெளியானது. அது லேசர் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மருத்துவம் படித்த பிள்ளையையே ஒரு பெயர்ப்பலகை ஏமாற்றுமானால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அழகுச் சிகிச்சைகளுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது இத்தகைய சிகிச்சை தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது.

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என்னைப் பார்க்கப்போகும் மருத்துவர் யார்? அவர் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல். போன்ற பட்டம் பெற்றவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? சிகிச்சை நேரத்தில் அவர் அங்கே இருப்பாரா?

2. இந்த இடம் மருத்துவ நிறுவனமாகப் பதிவு பெற்றதா? சான்றிதழைக் காட்டுங்கள்.

3. எந்த வகை லேசர்? என் நிறத்துக்கு அது ஏன் பொருந்தும்? தோலைக் குளிரவைக்க என்ன வசதி இருக்கிறது?

4. முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில நாள் பொறுப்பீர்களா? "தேவையில்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. என் கண்களுக்குக் கவசம் உண்டா? லேசர் ஒளி விழித்திரையைச் சேதப்படுத்தும். சிகிச்சை செய்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். கண்ணிமை அருகே செய்யவே கூடாது.

6. மரத்துப்போகும் களிம்பு எவ்வளவு பூசுவீர்கள்? அமெரிக்காவில் 22, 25 வயதுள்ள இரண்டு பெண்கள், லேசருக்கு முன் இந்தக் களிம்பைக் கால்களில் பூசி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டதால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்து இறந்தார்கள். 2007இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் குறித்து எச்சரித்தது. வீட்டிலேயே அதிகமாகப் பூசி வரச் சொன்னால் சம்மதியாதீர்கள்.

7. எத்தனை முறை வர வேண்டும்? வளரும் நிலையில் உள்ள முடிகளையே லேசர் தாக்குவதால், சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். முடி நிரந்தரமாகக் குறையும் என்று சொல்லலாம். ஒன்றுகூட முளைக்காது என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். நம் நாட்டுப் பெண்கள் சிலருக்கு முகத்தில் முடி கூடுவதும் உண்டு. முதல் நாளே முழுத் தொகையையும் கட்ட வற்புறுத்தும் இடத்தை விட்டு விலகுங்கள்.

கர்ப்பமாக இருந்தாலும், மருந்து எதுவும் உட்கொண்டாலும், அண்மையில் வெயிலில் தோல் கறுத்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தோல் வெந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, உடனே மருத்துவரிடம் வாருங்கள். பற்பசையோ மஞ்சளோ பூச வேண்டாம். நம்மிடம் வர இயலாதவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

சபையாருக்கு ஒரு வார்த்தை

மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் வைத்தியர் பலரிடம் கையிருப்பை எல்லாம் செலவழித்தும் வருத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. வெட்கத்தால் யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டாள். ஆண்டவரோ அவளை முன்னால் அழைத்து, உண்மையைப் பேச இடம் கொடுத்து, மகளே என்று கூப்பிட்டார். அவள் மறைந்து வந்ததற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

ராயபுரத்தில் டாக்டர் மெட்டில்டா மெக்பெயில் அம்மையார் பெண்களுக்கென்று வைத்தியப் பணி செய்த நாட்களில், கூச்சத்தினால் வைத்தியரிடமே வராத பெண்கள் எத்தனையோ பேர். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கூச்சம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தை, அவளைத் தனியே ஒரு மோசமான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. தாய்மார்களே, கேலி செய்யாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் மேலே உள்ள ஏழு கேள்விகளையும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்த மகளின் கறுப்புத் தழும்புகள் பெரும்பாலும் மங்கிவிட்டன; தாடையோரம் ஒன்று மட்டும் நிற்கிறது. நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிடுகிறாள். லேசர் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. இப்போது அவள் தாயாரும் கூடவே வருகிறார். சென்ற வாரம் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அவளுடைய சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதியே ஏற்றுக்கொண்டது. வெட்கத்தினால் இன்னும் வராமலிருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்