‘காளிதாஸ்’ யாருடைய படம்?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. ஆதலின் இவ்வழக்கு நம்முடையதுமாகும்.

1931 அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் இரு மொழிகளும் ஒலித்தன. முதல் தமிழ்ப் பேசும்படம் அதுவே. தெலுங்கின் ‘பக்த பிரகலாதா’ அதற்கு முன்னரே, செப்டம்பர் 15இல் வந்ததென நெடுங்காலம் எழுதிவந்தனர். பின்னர் ஆய்வாளர் ஒருவர் பழஞ்சான்றுகளைக் கொண்டு, அது வெளியானது 1932 பிப்ரவரி 6 என்று காட்டினார். இரண்டையும் இயக்கியவர் எச். எம். ரெட்டி ஒருவரே!

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். ஆயின் அங்குப் பிணக்கைத் தீர்க்க வேண்டியது மொழிப்பற்றன்று, அச்சேறிய சான்றே.

அன்பர்களே, பாட்டனார் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகமோ பத்திரிகையோ இருப்பின் எறிந்துவிடாதீர்கள். நாளைய வழக்கிற்கு அதுவே சாட்சியாகலாம்.