எந்த முனைவர் பட்டம்?

தேக்கா சந்தையிலிருந்து சற்று நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. அங்கு வேலை செய்யும் தாதி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கும் தாய்மாரில் சிலர், வீட்டுக்குச் சென்ற சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன்? விடை தேட அவர் முனைவர் பட்டம் படிக்க விரும்புகிறார்.

தாதிமையில் இப்பட்டம் இரு வகைப்படும். ஒன்று, காரணத்தை ஆராய்ந்து புதிய அறிவைத் தருவது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2005இல் உருவான ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தில் இதைப் படிக்கலாம். மற்றொன்று, கண்டறிந்த உண்மைகளைக் கொண்டு நோயாளிப் பராமரிப்பை மேம்படுத்துவது. அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழகம் இதை 2001இல் தொடங்கியது.

இந்தத் தாதிக்குக் காரணமே இன்னும் தெரியாது. ஆகவே, முதல் வகையே அவருக்குப் பொருந்தும்.

பலர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமே பார்க்கிறார்கள். வழிகாட்டும் பேராசிரியர் யார் என்பதே முக்கியம். அவர் இதயநோய்ப் பராமரிப்பில் வல்லவர் என்றால், தாய்ப்பால் பற்றிய ஆய்வுக்கு எவ்வளவு உதவ முடியும்?

அடுத்தது, நேரம். முழுநேரமாகப் படித்தால் விரைவில் முடிக்கலாம். மாதச் சம்பளம் நின்றுவிடும். பகுதிநேரப் படிப்பு சில ஆண்டுகள் நீளும். ஆனால், அந்தத் தாய்மாரை அவர் நாள்தோறும் சந்திப்பது வார்டில்தானே?