கடாரம்: போர் ஓர் ஆண்டு, உறவு ஆயிரம் ஆண்டு

பழைய நாகரிகங்கள் என்றதும் எகிப்தின் பிரமிடுகளும் மெசொப்போத்தாமியாவின் களிமண் பலகைகளும் ரோமாபுரியின் அரங்குகளும்தான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஆனால், வட செபராங் பிறையில் உள்ள கெப்பாலா பத்தாசிலிருந்து புறப்படும் ஒருவர், ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் பயணத்திற்குள் கற்கால மனிதர் வாழ்ந்த இடத்தையும், பழங்கால இரும்பு உலைக்களத்தையும், சிவன் கோயிலின் அடித்தளத்தையும் பார்த்துவிட முடியும்.

இந்த வட்டாரத்தின் பழம்பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. இன்றைய கெடா மாநிலமே அன்றைய கடாரம். செபராங் பிறையும் 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை கெடா சுல்தானின் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் பலருக்குக் கடாரம் என்றால் ராஜேந்திர சோழன் வென்ற நாடு என்பது மட்டுமே தெரியும். மண்ணுக்குள் கிடைத்த சான்றுகளோ, அந்தப் போருக்கு முன்னும் பின்னும் நீண்ட ஓர் உறவைக் காட்டுகின்றன.

சிப்பி மேட்டில் கிடைத்த பெண்

கெப்பாலா பத்தாசுக்கு அருகில், மூடா ஆற்றின் தென்பகுதியில் உள்ளது குவார் கெப்பா. கடல் சிப்பிகளை உண்டு வாழ்ந்த மக்கள் வீசியெறிந்த ஓடுகள் அங்கே மேடு மேடாகக் குவிந்திருந்தன. இறந்தவர்களையும் அவர்கள் அந்த மேடுகளிலேயே புதைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றன. 2017ஆம் ஆண்டில், குவார் கெப்பாவில் காட்சிக்கூடம் அமைக்கும் பணி நடந்தபோது மேலும் ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று அழைக்கப்படும் அவர் வாழ்ந்த காலம் இன்றைக்கு 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. வெளிநாட்டுக் கப்பல்கள் வருவதற்கு மிக முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

காற்றுக்காகக் காத்திருந்த கப்பல்கள்

தமிழகக் கரையிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்த கப்பல்கள், வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்தால் சேரும் கரைகளில் ஒன்று கெடா. ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, கடலில் வெகு தொலைவிலிருந்தே மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தது. வந்த காற்றிலேயே திரும்ப முடியாது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீனத்துச் சரக்கும் அந்தக் காற்றில்தான் தெற்கே இறங்கி வந்தது.

அப்படிக் காத்திருந்தவர்களுக்குத் தங்குமிடம், குடிநீர், உணவு, கிடங்கு ஆகியவற்றோடு வழிபாட்டிடமும் தேவைப்பட்டது. மெர்போக், மூடா ஆறுகளின் கரைகளில் குடியிருப்புகளும் கோயில்களும் தோன்றிய காரணம் இதுவே. பட்டினப்பாலை குறிப்பிடும் 'காழகம்' என்பது கடாரமே என்று பழைய உரையாசிரியர் கூறுகிறார். சீனப் பௌத்தத் துறவி ஈ-சிங், 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கிச் சென்றார். அரபு நாட்டார் இதைக் 'கலா' என்று அழைத்தனர்.

ஒரு மாலுமியின் வேண்டுதல்

1834ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி, செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் பௌத்த ஸ்தூபியின் உருவமும், பல்லவ எழுத்தை ஒத்த எழுத்தில் சமஸ்கிருத வாசகமும் உள்ளன. காலம் ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், தன் பயணம் இனிதே நிறைவேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்த கல் அது. அவனது ஊரான ரக்தமிருத்திகா, இன்றைய மேற்கு வங்காளத்தில் இருந்ததாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். அந்தக் கல் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குனில், பாறையில் வெட்டப்பட்ட மற்றொரு பழைய எழுத்து இன்றும் உள்ளது.

ஆக, இங்கே வந்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். வங்காளத்தாரும் அரபியரும் சீனரும் வந்தார்கள். வந்தவர்களை ஏற்றுக்கொண்டவர்கள் இந்த மண்ணின் மக்கள்.

இரும்பும் கோயிலும்

பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வு, இரும்பு உருக்கிய களங்களையும் ஆற்றுத் துறைகளையும் வெளிக்கொணர்ந்தது. உலைக்குள் காற்றைச் செலுத்த உதவிய களிமண் குழாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இங்கு இரும்புத் தொழில் நடந்திருக்கிறது. அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது என்ற கருத்தும் உண்டு. அதுபற்றி அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது.

மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில் 1960ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்டது. கருவறையும் அதன் முன்னே மண்டபமும் கொண்ட இந்திய அமைப்பு அது. ஆனால் மேற்கூரையைத் தாங்கியவை மரத்தூண்கள். அவற்றை ஊன்றிய கல் பீடங்களை இன்றும் காணலாம். சமயம் கடல் கடந்து வந்தது; கட்டிய கையும் கட்டுப்பொருளும் இந்த மண்ணுடையவை. இந்தப் பள்ளத்தாக்கில் முற்காலத்தில் பௌத்தமும், பின்னர் சிவ வழிபாடும் மேலோங்கின. அதன்பின் இஸ்லாம் பரவி, கெடா சுல்தான்களின் நாடானது.

எல்லைக்கோடு இல்லாத அரசு

அன்றைய அரசை இன்றைய வரைபடத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. ஆற்றின் முகத்துவாரத்தை யார் கையில் வைத்திருந்தாரோ அவரே அரசர். உள்நாட்டிலிருந்து இறங்கி வரும் வாசனை மரங்கள், கர்ப்பூரம், ஈயம் ஆகியவற்றின் வணிகமும் துறைமுக வரியுமே அவரது பலம். அவரைவிடப் பெரிய அரசர் சுமத்திராவில் பலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தில் இருந்தார். சிறிய அரசுகள் திறை செலுத்தின. பெரிய அரசு கடல்வழியைக் காத்தது. அந்தப் பிணைப்பு தளர்ந்தால், சிறிய அரசுகள் வேறு துணையைத் தேடிக்கொண்டன.

நட்பு, போர், மீண்டும் நட்பு

ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். சிவபக்தனான ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை 1006ஆம் ஆண்டு வாக்கில் வழங்கினான். இதைக் கூறும் செப்பேடுகளும் பின்னாளில் லைடன் நகருக்குச் சென்றதால், 'லைடன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன.

அந்த ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், 1025ஆம் ஆண்டில் கடற்படையை அனுப்பினான். அவன் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். ஆனால் கடாரம் சோழ நாட்டின் ஒரு மண்டலமாகிவிடவில்லை. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் வீரராஜேந்திரன், கடாரத்தை வென்று, தன்னிடம் உதவி கேட்ட அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக அவனது கல்வெட்டு கூறுகிறது. 1090ஆம் ஆண்டில், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, முதலாம் குலோத்துங்கன் அதே நாகப்பட்டின விகாரத்தின் ஊர்களுக்கு வரிச்சலுகை அளித்தான்.

படை வந்து திரும்பியது. வணிகக் குழுக்கள் தொடர்ந்து வந்தன. தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அதற்குச் சான்று. இந்த மண்ணோடு தமிழருக்கு உள்ள உறவைச் சொல்ல, வெற்றிப் பட்டத்தைவிட இந்த வணிக வரலாறே வலுவானது. பட்டத்தை மட்டும் உரக்கச் சொன்னால், அண்டை அயலார் காதில் அது ஆதிக்கப் பேச்சாகவே விழும். வணிக வரலாறோ எல்லா இனத்தாருக்கும் பொதுவான சொத்து.

காக்காவிட்டால் எதுவும் மிஞ்சாது

2013ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்துவில் 11ஆம் எண் கொண்ட கோயிலின் எச்சம், நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியானது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அது தனியார் நிலத்தில் இருந்தது. நூற்றாண்டுகளைத் தாங்கி நின்ற ஒன்றை அழிக்க ஓர் இயந்திரம் போதுமானதாக இருந்தது.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழமையானது எனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர், அதை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ செங்கல் அடுக்கோ, எழுத்துள்ள கல்லோ தென்பட்டால், அதைப் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு வருவதும், குங்குமம் பூசிப் புதிய கோயில் எழுப்புவதும் சான்றைக் கெடுத்துவிடும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்வதே முறை.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒரு நாளாவது மெர்போக் அருங்காட்சியகத்திற்கும் சுங்கை பத்துவுக்கும் அழைத்துச் செல்லலாம். புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கும் கடாரத்தைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுவிடுவார்கள்.