உழைப்பின் அளவும் உணவின் அளவும்

"வீட்டு வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன், காலையில் அரைமணி நேரம் நடக்கவும் செய்கிறேன். எடை மட்டும் இறங்கவே இல்லை." உணவியல் ஆலோசனைக்கு வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. உடன் வந்த மகனோ மகளோ, "அம்மா இடையில் ஏதாவது சாப்பிட்டிருப்பார்" என்று சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பைச் சற்று ஒத்திவைக்குமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். பல வேளைகளில் நோயாளி சொல்வது உண்மையே. பிழை, அவர் பின்பற்றும் கலோரி இலக்கில் இருக்கிறது.

இலக்கு எவ்வாறு கணக்கிடப்படுகிறது? முதலில், அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சு, இதயத்துடிப்பு முதலியவற்றிற்கு உடல் செலவிடும் ஆற்றலை மதிப்பிடுகிறோம். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. 45 வயது, 158 செ.மீ. உயரம், 72 கிலோ எடை உள்ள ஒரு பெண்மணிக்கு இது ஏறத்தாழ 1,320 கலோரி. இதனை அன்றாட உழைப்புக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் அமர்ந்திருப்பவருக்கு 1.2, மிதமாக உழைப்பவருக்கு 1.55.

சிக்கல் இந்தப் பெருக்கலில்தான் பிறக்கிறது. மேற்சொன்ன பெண்மணி, "நான் சும்மா இருப்பதில்லையே" என்று எண்ணிக் கைப்பேசிச் செயலியில் 'மிதமான உழைப்பு' எனக் குறித்துவிடுகிறார். செயலி அவருடைய தேவையை 2,050 என்று கணித்து, அதில் 500 கழித்து, 1,550 கலோரி உண்ணலாம் என்கிறது. ஆனால் அவருடைய உண்மையான செலவு 1,585 அளவிலேயே இருக்கலாம். அப்படியானால் நாளொன்றுக்குக் குறைவது 35 கலோரி மட்டுமே. ஓர் உருண்டை கூடுதலாக உண்டால் அதுவும் போயிற்று. சொன்னபடி உண்டும் எடை இறங்காததற்கு இதுவே காரணம்; மன உறுதி இல்லாமை அன்று.

வீட்டு வேலை உழைப்பு இல்லையா என்று கேட்பீர்கள். உழைப்புதான், களைப்பும் மெய்யானதே. ஆயினும் அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றடியும் வாங்கிய உழைப்பை இன்று மிக்சியும் கிரைண்டரும் குழாயும் வாங்குவதில்லை. அடுப்பின்முன் நெடுநேரம் நிற்பது முதுகையும் முழங்காலையும் வருத்தும் அளவுக்குக் கலோரியைச் செலவழிப்பதில்லை. களைப்பைக் கொண்டு கலோரியை அளக்க முடியாது என்பதை நம்மில் பலர் ஏற்கத் தயங்குகிறோம்.

நடைப்பயிற்சிக்கும் இதே கதிதான். 72 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால், அமர்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 90 கலோரி. நடந்து திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை சேர்த்த காபியும் உண்டால் கணக்கு நேர் எதிராகிவிடும். கைக்கடிகாரம் காட்டும் 'எரித்த கலோரி' துல்லியமானதன்று. அதை நம்பி அந்த அளவுக்கு உண்பது வேண்டாம்.

அப்படியானால் நடப்பது வீணா? இல்லை. அப்பெண்மணியின் உண்மையான தேவையான 1,585-இலிருந்து 500-ஐக் கழித்தால் 1,085 வரும். மருத்துவக் கண்காணிப்பின்றி 1,200-க்குக் கீழே இறங்குவதைப் பெண்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உணவில் 1,250-உடன் நிறுத்தி, மீதியை நடையால் ஈடுகட்டுவதே தக்கது. மாதத்திற்கு ஒன்றரைக் கிலோ அளவில் குறையலாம். மெதுவானதுதான், ஆனால் பட்டினியின்றி நிகழ்வது. தசை கரையாமல் இருக்கவும், குறைந்த எடை திரும்பாமல் இருக்கவும் பயிற்சி துணை நிற்கும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கட்டட வேலைக்கோ நாற்று நடவுக்கோ செல்பவருக்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரின் உணவுப்பட்டியலைக் கொடுத்தால் வேலையிடத்திலேயே மயங்கி விழ நேரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உழைப்பு குறைவெனில் 1,660 கலோரியும் கடும் உழைப்பெனில் 2,720 கலோரியும் தேவை என்கிறது. அண்டை வீட்டாரின் பட்டியலைப் பின்பற்ற வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்போர் ஒன்றை மறக்கலாகாது. உணவைக் குறைத்து, நடையையும் கூட்டினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே நடப்பதை நிறுத்தி, குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்துங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருவது வீட்டாரின் பொறுப்பு. மருந்தின் அளவைத் தாமே மாற்றாமல், பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோயுள்ளோருக்கும் இது பொருந்தும்.

எடை இறங்க இறங்க உடலின் தேவையும் இறங்கும். அப்பெண்மணி 62 கிலோவை எட்டும்போது அவருடைய தேவை 120 கலோரி அளவுக்குக் குறைந்திருக்கும். பழைய இலக்கு அப்போது உதவாது. ஆகவே ஒவ்வொரு 4 அல்லது 5 கிலோ குறைந்தபின்னும் கணக்கை மீண்டும் பார்க்கிறோம். அடுத்த ஆலோசனைக்கு வரும்போது, மூன்று நாள்களில் எத்தனை மணிநேரம் படுத்தீர்கள், அமர்ந்தீர்கள், நின்றீர்கள், நடந்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். உண்டதையும் அதே தாளில் எழுதினால் போதும்.