கோமுகி அணைக்குப் போவோமா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்!

"பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கப்பா!"

சங்கராபுரம் வட்டாரத்தில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால், அப்பாவின் வாயில் முதலில் வரும் பெயர் கோமுகி அணை. அதிகச் செலவு இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். மலையும் உண்டு, தண்ணீரும் உண்டு.

உடனே அம்மா புளி கரைக்கப் போய்விடுவாள். பெரியவன் பந்தைத் தேடுவான். சின்னவள் புதுப் பாவாடையை எடுத்து வைப்பாள். யார் யார் வருவது, எந்த வண்டியில் போவது என்பதெல்லாம் இரவு சாப்பாட்டுக்குள் பேசி முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. "அணையில் இப்போது தண்ணீர் எவ்வளவு?"

கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

வயலுக்குக் கட்டிய அணை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போனால், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. 46 அடி வரை தண்ணீர் பிடிக்கலாம். நிரம்பினால் 56 கோடி கன அடி. 10 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதை நம்பி இருக்கிறது.

சங்கராபுரத்துக்கு இன்னும் பக்கத்தில், சூளாங்குறிச்சியில், மணிமுக்தா அணை இருக்கிறது. அதன் உயரம் 36 அடிதான். ஆனால் அகலமாகப் பரந்து கிடப்பதால் கோமுகியைவிட அதிகத் தண்ணீர் கொள்ளும். இரண்டு ஆறுகளும் கல்வராயன் மலையில் பிறந்தவை. இரண்டின் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது.

அணைகளைக் கட்டியது நெல்லுக்கும் கரும்புக்கும். நாம் கட்டுச்சோறு தின்பதற்காக அல்ல! ஆகவே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மழையையும் பாசனத்தையும் பொறுத்தது. நம்முடைய லீவைப் பார்த்து அது நடப்பதில்லை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விடுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போதுதான் அணையில் தண்ணீர் குறைந்து, கரையோரம் சேறாகவும் பாளம் பாளமான மண்ணாகவும் கிடக்கும். ஆவலோடு வந்த பிள்ளைகளின் முகம் வாடிவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போவதே நல்லது. அணையில் தண்ணீர் இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதற்கே நேரம் போய்விடும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் அதே தண்ணீர், பாதிக் கூட்டம்.

44 அடி வந்தால்...

மழைக்காலத்தில் கோமுகி அணையை 46 அடிக்கும் நிரப்பி வைப்பது வழக்கமில்லை. அணையின் பாதுகாப்புக்காக 44 அடியில் நிறுத்தி, அதற்கு மேல் வருவதை அப்படியே ஆற்றில் திறந்து விடுவார்கள். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை செய்வார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்து ஆற்று மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் காதில் அது விழுமா?

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது கள்ளக்குறிச்சி மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அது புயல். எல்லோருக்கும் முன்பே தெரிந்தது. சொல்லாமல் வரும் வெள்ளம் வேறு. மலை மேல் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

அதற்கும் அடையாளம் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும். இதில் ஒன்றைக் கண்டாலும் பாத்திரம், பை எதையும் பார்க்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். புளியோதரை போனால் போகட்டும்!

"கொஞ்சம் காலை நனைக்கிறேன்"

அணைக்குள் இறங்கக்கூடாது. நீச்சல் தெரிந்தவரும் இறங்கக்கூடாது. மேலே கண்ணாடி போல் இருக்கும் தண்ணீருக்கு அடியில் சேறு இருக்கும். மண் எடுத்த பள்ளம் இருக்கும். முழங்கால் அளவு என்று நினைத்து வைத்த கால், அடுத்த அடியில் தலை முழுகும் பள்ளத்தில் போகும்.

2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயது ஆகாத குழந்தை.

மூழ்குகிறவர்கள் கூச்சல் போடுவார்கள் என்று நினைப்பது தவறு. மூச்சுக்கே வழியில்லாதவரால் கத்த முடியாது. சத்தமில்லாமல் போய்விடுவார்கள். ஆகையால் கரையில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை நியமியுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது. சீட்டுக்கட்டும் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால் பதறிக் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாள்வதை எத்தனையோ முறை செய்தியில் படித்திருக்கிறோம். வேட்டி, சேலை, கயிறு, எது கிடைத்தாலும் கரையிலிருந்தே வீசுங்கள். மூடி இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் கேன் ஓர் ஆளை மிதக்க வைக்கும். வண்டியில் இப்படி ஒரு கேனும் 20 முழக் கயிறும் இருந்தால் செலவு ஒன்றுமில்லை. உயிர் மிஞ்சும்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்ப் பழக்கம். அது கெடுதல். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூச்சு நின்றிருந்தால், படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அமுக்க வேண்டும். மறுபடி இரண்டு ஊது, 30 அமுக்கு. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

படகு வேண்டுமா? மலைக்கு ஏறுங்கள்

தண்ணீரில் விளையாடியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், அதற்கு மலை மேல் கரியாலூர் இருக்கிறது. அங்கே படகுத் துறையும் சிறுவர் பூங்காவும் உண்டு. மிதவைச் சட்டை போடாமல் படகில் கால் வைக்காதீர்கள். "போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கும்" என்று கழற்றுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

பெரியார் அருவியும் மேகம் அருவியும் இதே மலையில்தான். மழை பலத்தால் அருவியில் குளிக்க வனத்துறை தடை போடும். அதைக் கீழேயே விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். பெட்ரோலையும் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். சில வளைவுகளில் செல்போன் பேசாது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் இடம் கொடுங்கள்.

ஏறிப் போகும் மலை, ஆள் இல்லாத காடு அல்ல. தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இடம். மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலையை 1976-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. இன்று சாமையும் மரவள்ளியும் விளைவித்துப் பிழைக்கிறார்கள். ஓடைத் தண்ணீர் அவர்களுக்குக் குடிதண்ணீர். அதில் சோப்புப் போட்டு வண்டி கழுவுவது, அடுத்த வீட்டுப் பானையில் கை கழுவுவது போல. தேனோ பலாப்பழமோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் எடுத்துப் போனால் போதும். குரங்குக்குச் சோறு போடாதீர்கள். ஒன்றுக்குப் போட்டால் பத்து வரும், பையோடு பிடுங்கும்.

மாலை 4 மணிக்கு மலையை விட்டு இறங்கத் தொடங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், சிறிய கியரில் இறங்க வேண்டும். வண்டி புறப்படும் முன் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை பேர் வந்தோமோ அத்தனை பேரும் ஏறியாகிவிட்டதா என்று ஆயாவை எண்ணச் சொல்லுங்கள். அவர் இரண்டு முறை எண்ணுவார்.