லினக்சில் விளையாட்டு: ஒரு மொழிபெயர்ப்புப் பணி

மூலநிரலை எவரும் கண்டு திருத்த இடந்தரும் லினக்சு இயங்குதளத்தில், விண்டோசுக்கென எழுதப்பெற்ற விளையாட்டுகள் தாமாக இயங்கா. இரண்டிற்கும் மொழி வேறு. 1993இல் தொடங்கப்பெற்ற 'வைன்' என்னும் மென்பொருள், விளையாட்டு விடுக்கும் கட்டளைகளை உடனுக்குடன் லினக்சுக்குப் பெயர்த்துரைக்கிறது. விளையாட்டின் நிரலில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. மொழிபெயர்த்துப் பார்த்தோர் இதன் அருமையை அறிவர். இதனை அடித்தளமாக்கி வால்வு நிறுவனம் 2018இல் 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் லினக்சுக்கு வந்தன.

ஆயினும் இணையவழிப் போட்டி விளையாட்டுகள் பலவற்றிற்குப் பெயர்ப்பு மட்டும் போதாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் அங்கு இயங்க வெளியீட்டாளர் இசைய வேண்டும். 2022இல் இசைவு பெற்ற 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்', 2024 அக்டோபர் இறுதியில் லினக்சுப் பயனரை விலக்கியது. லினக்சின் திறந்த தன்மை ஏமாற்றுவோர்க்குத் துணையாகிறது என்பது அவர்கள் காட்டிய காரணம். நேர்மையாக ஆடியோரும் உடன் வெளியேற நேர்ந்தது.