களிமண்ணில் கலந்திருக்கும் படிகக்கல்

சமையலறையில் நாம் நாள்தோறும் கையாளும் மண்சட்டி வெறும் களிமண்ணால் ஆனது என்றே எண்ணுகிறோம். ஆனால் அதனுள் ஒரு கல்லும் கலந்திருக்கிறது. அதுதான் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல். வயல்வெளிகளில் வெங்கச்சங்கல் என்று நாம் பொறுக்கி விளையாடும் வெள்ளைக்கல்லும் இதுவே.

இது களிமண்ணுக்குள் எவ்வாறு வந்தது? கிரானைட் பாறையில் பெல்ஸ்பார், மைக்கா, குவார்ட்ஸ் ஆகியவை கலந்துள்ளன. மழையும் காற்றும் நெடுங்காலம் தாக்குவதால் பெல்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகிறது. குவார்ட்ஸோ எளிதில் சிதையாது; மணலாகவும் நுண்துகளாகவும் உடைந்து களிமண்ணோடு தங்கிவிடுகிறது.

சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்ததே குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் இதன் எண் 7. ஆகவே கண்ணாடியையும் இது கீறிவிடும். ஒரு குவளை நீரில் சிறிது களிமண்ணைக் கரைத்துச் சற்று நேரம் வைத்தால், அடியில் மணல் முதலில் படியும். அதை எடுத்துப் பழைய கண்ணாடித் துண்டின்மேல் மரக்குச்சியால் தேய்த்தால் கீறல் விழுவதை நாமே காணலாம்.

களிமண் உலரும்போது சுருங்கும், குவார்ட்ஸ் சுருங்காது. எனவே அளவோடு மணல் கலந்த மண்ணில் வெடிப்பு குறைகிறது. ஆனால் சூளையில் 573 டிகிரி சென்டிகிரேடில் குவார்ட்ஸின் உள்ளமைப்பு மாறி, அது சட்டென விரிகிறது. ஆறும்போது அதே வெப்பநிலையில் மீண்டும் சுருங்குகிறது. அதனால்தான் சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் பானை விரிசல் விடுகிறது. பொறுமையாக ஆறவிடுவதே தொழில் அறிந்தவர் வழக்கம்.

பானைக்கு உதவும் இக்கல், தூளாகிவிட்டால் மனிதருக்குப் பகையாகிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் தூசி நுரையீரலில் தங்கித் தழும்புகளை உண்டாக்கும். சிலிகோசிஸ் என்னும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில், மண்பாண்டம் வெண்மை பெற, குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த சக்கிமுக்கிக் கல்லை உலர்ந்த நிலையில் அரைத்துக் களிமண்ணில் கலந்தனர். அத்தூசியைச் சுவாசித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். கல்லை நீரில் நனைத்து அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் என்பவர் 1726-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நனைந்த தூள் காற்றில் பறப்பதில்லை அல்லவா?

தோழியரே! கைவினை வகுப்பில் களிமண் வேலை முடிந்ததும் உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைப்போம். அழகிய பானையைக் கண்டு மகிழும் நாம், அதை வனைந்தவரின் மூச்சையும் சற்றே நினைப்போமாக.